மெர்சென் எண்களின் காரணிகளைத் தேடும் முறைகள்: கேள்வி பதில்

2-ஐ ஒரு பகா எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி, அதிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் மெர்சென் எண்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். அடுக்கை ‘அ’ என்று குறிக்கிறேன்.

கேள்வி: இன்று அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணான 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-இல் நான்கு கோடிக்கும் மேல் இலக்கங்கள் உள்ளன. இத்தனை பெரிய எண்ணை இன்னோர் எண் வகுக்குமா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்?

பெரிய எண்ணை எழுதிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. மீதியை மட்டும் கணக்கிட்டால் போதும். 2²³ − 1-ஐ 47 வகுக்குமா என்று பார்ப்போம். 23-இன் இரும வடிவம் 10111. 1-இல் தொடங்கி, இடமிருந்து ஒவ்வோர் இலக்கத்துக்கும் கையிலுள்ள எண்ணை வர்க்கப்படுத்தி, இலக்கம் 1 எனில் 2-ஆலும் பெருக்கி, 47-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். மீதிகள் 2, 4, 32, 27, 1 என்று வரும். கடைசி மீதி 1 என்பதால் 47 ஒரு காரணி. 136279841-க்கும் இரும இலக்கங்கள் 28 தான்.

கேள்வி: அப்படியானால் எல்லாப் பகா எண்களையும் வரிசையாகச் சோதிக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு பகா எண் காரணியாக இருந்தால், அதன் மட்டில், அதாவது அதனால் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால், 2-இன் அ-ஆம் அடுக்கு 1 ஆகிறது. அ பகா எண் என்பதால் அதைவிடச் சிறிய எந்த அடுக்கும் 1 ஆகாது. எனவே, ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தின்படி, காரணியிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவதை அ மீதியின்றி வகுக்கும். அ ஒற்றைப்படை எனில் காரணி 2×க×அ + 1 என்ற வடிவில்தான் இருக்கும் (க என்பது ஒரு முழு எண்); அதை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே. 2¹¹ − 1 = 2047 = 23 × 89 என்பதில் க-வின் மதிப்புகள் 1, 4. இவற்றோடு 3, 5, 7, 11 ஆகியவற்றால் வகுபடும் எண்களையும் முன்னதாகவே நீக்கினால், க-வின் 4620 மதிப்புகளில் 960 மட்டுமே சல்லடையில் தங்கும்.

கேள்வி: தேடலை எந்த இடத்தில் நிறுத்துவது?

தேடும் காரணியின் அளவில் ஓர் இரும இலக்கம் கூடும்போது வேலை ஏறத்தாழ இரட்டிக்கிறது. ஆனால் 75 இரும இலக்கம் கொண்ட காரணி ஒன்று அகப்படும் வாய்ப்போ சுமார் 75-இல் ஒன்றுதான். மெர்சென் பகா எண்களைத் தேட ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய கிம்ப்ஸ் (GIMPS) என்ற இணையக் கூட்டுத் திட்டத்தில், பகாத்தன்மைச் சோதனையின் செலவோடு இதை ஒப்பிட்டே எல்லை வகுக்கப்படுகிறது.

கேள்வி: காரணி தேடும் இன்னொரு முறையான பொலார்டின் பி−1 (பி என்பது தேடும் பகாக் காரணி) எதை நம்பி இயங்குகிறது?

ஜான் பொலார்ட் 1974-இல் வெளியிட்ட இம்முறை, என் பார்வையில், மெர்சென் எண்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. ஓர் எல்லைக்கு உட்பட்ட பகா எண் அடுக்குகளையெல்லாம் பெருக்கி, அத்துடன் 2×அ-வையும் பெருக்கி, அந்தப் பெருக்கற்பலனுக்கு 3-ஐ உயர்த்துகிறோம். கணக்கு முழுவதும் மெர்சென் எண்ணின் மட்டிலேயே நடக்கிறது. விடையிலிருந்து 1-ஐக் கழித்து, அதற்கும் மெர்சென் எண்ணுக்கும் மீப்பெரு பொதுக் காரணி கண்டால், க சிறிய பகா எண்களால் ஆனதாக இருக்கும்போது மறைந்திருந்த காரணி வெளிப்படும். அ என்ற பெரிய பகா எண் முன்பே தெரிந்திருப்பதால், க மட்டும் சிறிய பகா எண்களாகச் சிதறினால் போதும் என்பதே இங்குள்ள சலுகை.

2⁶⁷ − 1 பகு எண் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா 1876-இலேயே நிறுவினார். காரணியை அவர் காணவில்லை. 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் அது 193707721 × 761838257287 என்று காட்டினார். முதல் காரணிக்கு க = 1445580 = 2² × 3³ × 5 × 2677. மேலே சொன்ன பெருக்கலுக்கான முதல் கட்ட எல்லை 30 என்றும், க-வில் அதைத் தாண்டிய ஒரே ஒரு பெரிய பகா எண்ணை அனுமதிக்கும் இரண்டாம் கட்ட எல்லை 2700 என்றும் வைத்தால், இன்றைய கணினி இதை நொடிப்பொழுதில் பிடித்துவிடும்.

கேள்வி: க-வில் பெரிய பகா எண்கள் இருந்தால்?

பி−1 கைவிட்டுவிடும். அப்போது ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா 1987-இல் வெளியிட்ட நீள்வட்ட வளைவரை முறை உதவுகிறது. ஒரு வளைவரை பலன் தராவிட்டால் வேறொன்றை எடுக்கலாம்; ஒவ்வொன்றிலும் வளைவரையின் புள்ளிகளால் ஆன குலத்தின் (group) உறுப்பு எண்ணிக்கை மாறுவதால், ஏதோ ஒன்றில் அது சிறிய பகா எண்களாகச் சிதறும். கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களுக்கு ஒரு பெருக்கலே பெருஞ்செலவு என்பதால், சிறிய அடுக்குகளுக்கே இது பெரிதும் பயன்படுகிறது.

கேள்வி: 2¹²⁷⁷ − 1-இல் 385 இலக்கங்கள்தானே உள்ளன? அதை ஏன் இன்னும் பிரிக்க முடியவில்லை?

பகு எண் என்று தெரிந்தும் ஒரு காரணிகூடத் தெரியாத மெர்சென் எண்களில் மிகச் சிறியது அதுதான். வளைவரை முறையில் ஏராளமாகத் தேடியும் எதுவும் அகப்படாததால், அதன் காரணிகள் எல்லாமே மிகப் பெரியவையாக இருக்கக்கூடும். அத்தகைய எண்ணுக்கு ஏற்றது சிறப்பு எண்களச் சல்லடை (special number field sieve) என்ற முறை; காரணி எவ்வளவு சிறியது என்பதை அது பொருட்படுத்தாது, எண்ணின் அளவே செலவைத் தீர்மானிக்கும். 320 இலக்கம் கொண்ட 2¹⁰⁶¹ − 1 அவ்வாறுதான் 2012-இல் இரண்டு காரணிகளாகப் பிரிக்கப்பட்டது. மேலும் 65 இலக்கங்கள் என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றினாலும், சல்லடை வேலையும் அதன் முடிவில் தீர்க்க வேண்டிய மாபெரும் அணியும் (matrix) பல மடங்கு பெருகிவிடும்.