டிரான்ஸ்மிட்டரை மாற்றாதீர்கள், கம்பியைச் சுரண்டிப் பாருங்கள்

கேள்வி: தொண்டி அருகே சிறிய மீன்தூள் ஆலை நடத்துகிறேன். சீமைக்கருவேல விறகு அடுப்பிலிருந்து உலர்த்திக்குப் போகும் வெப்பக்காற்றை 'கே' வகை தெர்மோகப்பிள் (இரு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்த வெப்ப உணரி) வைத்து அளக்கிறோம். காலையில் அளவு சரியாக இருக்கிறது. மதியத்துக்குள் 40 டிகிரி வரை குறைத்துக் காட்டுகிறது. ஆட்கள் விறகைக் கூட்டிவிட, தூள் கருகிவிடுகிறது. உப்புக்காற்றில் கெட்டுவிட்டது என்று சொல்லி, உணரியின் அளவை மின்சைகையாக மாற்றி அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். மூன்றாவதும் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். உப்புக்காற்றால் டெர்மினலில் (கம்பி மாட்டும் முனையில்) களிம்பு பிடித்தால் அளவு ஏறி இறங்கித் தடுமாறும். உங்களுடையது அடுப்பு சூடேறச் சூடேற ஒழுங்காகக் குறைகிறது. கோளாறு கம்பியில்தான் இருக்க வேண்டும்.

தெர்மோகப்பிள் தருவது மிகச் சிறிய மின்னழுத்தம். 'கே' வகையில் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். அதுவும் இரு முனைகளுக்கு இடையே உள்ள வெப்ப வேறுபாட்டைத்தான் சொல்லும். தன் டெர்மினலில் உள்ள வெப்பத்தை டிரான்ஸ்மிட்டர் கூட்டிக்கொண்டு, மொத்தத்தை 4 முதல் 20 மில்லிஆம்பியராக அனுப்புகிறது. தெர்மோகப்பிளின் தலையிலிருந்து (அதன் கம்பிகள் வெளிக்கேபிளோடு சேரும் மூடிபோட்ட பெட்டி) பேனலில் உள்ள டிரான்ஸ்மிட்டர் வரை சாதாரணச் செம்புக் கம்பி இழுத்திருந்தால் கணக்கு அங்கே கெடுகிறது. அடுப்போரத்தில் தலை 75 டிகிரி, பேனல் அறை 35 டிகிரி என்றால், இடையில் உள்ள 40 டிகிரி காணாமல் போகும். காலையில் இரண்டும் ஒரே சூட்டில் இருப்பதால் குறை தெரியாது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு அந்தக் கேபிளின் இரண்டு கம்பிகளையும் கத்தியால் சுரண்டுங்கள். இரண்டும் செம்பு நிறமாகப் பளபளத்தால், காம்பன்சேட்டிங் கேபிளுக்கு (தெர்மோகப்பிளைப் போலவே மின்னழுத்தம் தரும் உலோகக் கேபிள்) பணம் வாங்கிக்கொண்டு வீட்டு ஒயரை இழுத்திருக்கிறார்கள். இந்த ஏமாற்றைப் பல ஆலைகளில் பார்த்துவிட்டேன். கேபிளை மாற்றினால் ஒரு முறைதான் வருமானம், டிரான்ஸ்மிட்டர் என்றால் வருடா வருடம். ஆய்வுக்கு வருகிறவர்களோ கோப்பில் காலிபரேஷன் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். டிரான்ஸ்மிட்டரை மட்டும் மேசையில் வைத்துச் சோதித்த தாள் அது. கம்பியைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது. மூடியைத் திறந்து பார்க்க எத்தனை நிமிடம் ஆகும்?

டிரான்ஸ்மிட்டரில் இன்னும் சந்தேகம் இருந்தால், தெர்மோகப்பிள் கம்பிகளைக் கழற்றிவிட்டு, அந்த இரு உள்ளீட்டு டெர்மினல்களையும் சிறு செம்புத் துண்டால் இணைத்து, மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். பேனலின் உள்வெப்பத்தைக் காட்டினால் அதன் மேல் பழி போடாதீர்கள்.

செம்புக் கம்பி பொருந்தும் இடம் ஒன்று உண்டு. டிரான்ஸ்மிட்டரே தெர்மோகப்பிளின் தலைக்குள் உட்கார்ந்திருந்தால், வெளியே வருவது மில்லிஆம்பியர். அதைச் செம்பில் வெகு தூரம் கொண்டுபோகலாம். இதைச் சாக்காக வைத்து உங்களிடம் தலைக்குள் பொருத்தும் வகையை விற்க வருவார்கள். அவசரப்படாதீர்கள். அந்த மின்னணுப் பலகைகள் பொதுவாக 85 டிகிரி வரைதான் தாங்கும். உங்கள் அடுப்புத் தலை அதற்கு மிக அருகில் இருக்கிறது. சில அடி தள்ளி, சுடாத சுவரில் டிரான்ஸ்மிட்டரைப் பொருத்துங்கள். தலையிலிருந்து சுவர் வரை 'கே' வகைக் காம்பன்சேட்டிங் கேபிள், அங்கிருந்து பேனலுக்குச் செம்பு. பெட்டியின் ரப்பர் வளையமும் கேபிள் நுழையும் துளையை இறுக்கும் கிளாண்டும் இறுக்கமாக இருந்தால் உப்பு உள்ளே போகாது.

புதுக் கேபிளைப் பொருத்தும்போது நிறத்தை நம்பி மாட்டாதீர்கள். அமெரிக்க முறையில் சிவப்பு எதிர்முனை; நம் எலக்ட்ரீசியன்கள் பழக்கத்தில் அதை நேர்முனையில் மாட்டிவிடுகிறார்கள். கேபிளின் இரு நுனியிலும் அப்படி மாறினால் பிழை 40 அல்ல, 80. தெர்மோகப்பிளின் கம்பிகள் அருகே காந்தத்தைக் கொண்டுபோங்கள். 'கே' வகையில் இலேசாக ஒட்டுவது எதிர்முனை.