டெக்சாஸ் பிரைமரியில் டெலிகேட் கணக்கு

தம்பி, வேலை விசாவில் டாலஸ் பக்கம் வந்து சேர்ந்திருக்கும் உங்களிடம் அடுத்த வீட்டுக்காரர் "எந்தக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போடப் போகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். பிரைமரி என்பது கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்ய மக்களே ஓட்டுப் போடும் முன்தேர்தல். அதில் நமக்கு இடம் உண்டா, அதிக ஓட்டு வாங்கியவருக்கே எல்லா டெலிகேட்டுகளும், அதாவது கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளும், போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். குடியுரிமை இல்லாதவர் ஓட்டுப் போடுவது இங்கே குற்றம். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டை (கிரீன் கார்டு) இருந்தாலும் அதே சட்டம்தான். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது வாக்காளர் பதிவு வேண்டுமா என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். பழக்கதோஷத்தில் "ஆம்" என்று குறித்துவிடாதீர்கள். பிற்காலக் குடியுரிமை விண்ணப்பமே அதில் மாட்டிக்கொள்ளலாம். தேர்தல் நன்கொடையும் விசாவில் இருப்பவர் தரக் கூடாது. பச்சை அட்டைக்காரர் தரலாம். ஊதியம் வாங்காமல் பிரசார வேலையில் உதவுவதற்கு மட்டும் தடையில்லை.

இனி டெலிகேட் கணக்கு. நம் ஊரில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கும். இங்கே ஜனாதிபதி வேட்பாளரைக் கட்சியின் தேசிய மாநாட்டில் டெலிகேட்டுகள் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த வேட்பாளருக்கு எத்தனை டெலிகேட் என்பதை மாநிலம் மாநிலமாக நடக்கும் பிரைமரிகள் தீர்மானிக்கின்றன. ஓட்டை டெலிகேட்டாக மாற்றும் விதியைக் கட்சிகளே வகுக்கின்றன. அதனால் ஒரே மாநிலத்தில், ஒரே நாளில், இரண்டு கட்சிகளுக்கும் இரண்டு விதமான கணக்கு.

2016-இல் டெக்சாஸ் குடியரசுக் கட்சிக்கு 155 டெலிகேட்டுகள். காங்கிரஸ் என்பது இங்கே அமெரிக்க நாடாளுமன்றம். டெக்சாஸில் அப்போதிருந்த 36 காங்கிரஸ் தொகுதிகளுக்கும் தலா 3 வீதம் 108. மீதி 47 மாநில மொத்த ஓட்டின்படி. ஒரு தொகுதியிலோ மாநில மொத்தத்திலோ யாராவது பாதிக்கு மேல் வாங்கினால் அதற்குரிய டெலிகேட்டுகளெல்லாம் அவருக்கே. இல்லையென்றால் 20 சதவீதத்தைத் தொட்டவர்களுக்குள் பங்கு. டெட் குரூஸ் ஏறத்தாழ 44 சதவீத ஓட்டுதான் வாங்கினார், ஆனால் அவருக்குக் கிடைத்தவை 104 டெலிகேட்டுகள், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. டிரம்புக்கு 48. ஏறக்குறைய 18 சதவீதம் வாங்கிய மார்கோ ரூபியோவுக்கு வெறும் 3. தொகுதி தொகுதியாக முதலிடம் பிடித்தவருக்குச் சாதகமான கணக்கு இது.

ஜனநாயகக் கட்சியில் வென்றவருக்கே எல்லாம் என்ற பேச்சே கிடையாது. 15 சதவீதத்தை எட்டிய அனைவருக்கும் விகிதப்படி பங்கு உண்டு. அவர்கள் பெரும்பகுதி டெலிகேட்டுகளைப் பிரித்துக் கொடுப்பது காங்கிரஸ் தொகுதிக்கு அல்ல, டெக்சாஸ் மாநில மேலவையின் 31 தொகுதிகளுக்கு. 2020-இல் மைக்கேல் புளூம்பெர்க் 14 சதவீதத்தைத் தாண்டியும் 15-ஐத் தொடவில்லை. மாநில அளவிலான பங்கு முழுவதும் கைநழுவியது. சில தொகுதிகளில் அந்த 15 சதவீதத்தைத் தாண்டியிருந்ததால் 11 டெலிகேட்டுகளாவது தேறின. பைடனுக்கு 113, சாண்டர்ஸுக்கு 99.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2008-ஐப் பாருங்கள். ஹிலாரி கிளிண்டன் ஒபாமாவைவிட ஏறத்தாழ 1 லட்சம் ஓட்டுகள் அதிகம் வாங்கினார். பிரைமரி டெலிகேட்டுகள் அவருக்கு 65, ஒபாமாவுக்கு 61. ஆனால் அன்று ஓட்டுப்பதிவு முடிந்த கையோடு அதே வட்டாரங்களில் காக்கஸ் கூட்டமும் நடந்தது. பிரைமரியில் ஓட்டுப் போட்டவர் மீண்டும் வந்து கையெழுத்திட்டுத் தம் வேட்பாளரைச் சொல்ல வேண்டும். ஒபாமா தரப்பு அதற்கு ஆட்களைத் திரட்டி வைத்திருந்தது. காக்கஸில் அவருக்கு 38, ஹிலாரிக்கு 29. மொத்தத்தில் 99-க்கு 94 என்று ஒபாமா முந்திவிட்டார். கட்சிக்கு முந்தைய தேர்தல்களில் நிறைய ஓட்டுகள் விழுந்த தொகுதிகளுக்கு அதிக டெலிகேட் என்ற விதியும் அவருக்குக் கைகொடுத்தது. ஆஸ்டின் தொகுதிக்கு 8 இருக்க, ஹிலாரிக்குச் செல்வாக்கு மிகுந்திருந்த தெற்கு எல்லைத் தொகுதிகளுக்கு அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். அந்தக் காக்கஸ் முறையை 2016-இல் கைவிட்டார்கள். சரியான முடிவு என்பேன். இரவு வேலைக்குப் போகிறவரும் கைக்குழந்தைக்காரியும் ஒரே நாளில் இரண்டு முறை எப்படி வர முடியும்?

கட்சியில் முன்கூட்டிப் பதிய வேண்டுமா என்றால், டெக்சாஸில் அப்படிப் பதிவே இல்லை. சாவடியில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்பார்கள், ஒன்றைத்தான் எடுக்கலாம். அதே வேட்பாளர் தேர்வில் மே மாதம் மறுசுற்று வந்தால் வேறு கட்சிக்கு மாற முடியாது.

அந்தச் சீட்டில் ஜனாதிபதிப் பதவி மட்டும் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காங்கிரஸ், மாநில அவை, மாவட்ட நீதிபதி, ஷெரிஃப் என்று நீண்டுகொண்டே போகும். ஒரு கட்சிக்கே எப்போதும் ஓட்டு விழும் தொகுதிகள் இங்கே ஏராளம். அங்கெல்லாம் நவம்பர் பொதுத் தேர்தலைவிட மார்ச் மாதப் பிரைமரிதான் உண்மையான தேர்தல். நம்மவர்கள் நவம்பருக்கு மட்டும் வரிசையில் நிற்பது எனக்கு மனக்கசப்பாகவே இருக்கிறது. பாதி முடிவு அதற்குள் முடிந்துபோயிருக்கும்.

உங்கள் முறை வர ஆண்டுகள் ஆகும். குடியுரிமை உறுதிமொழி எடுத்ததும் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். தேர்தல் நாளுக்கு 30 நாள் முன்பே பதிந்திருந்தால்தான் அந்த மார்ச்சில் சீட்டு கிடைக்கும்.