வேப் (இ-சிகரெட்) பிடிப்பதை நிறுத்தி இரண்டு நாள் ஆகிறது. இந்தத் தவிப்பு எப்போது அடங்கும்?

தலைவலி, தூக்கமின்மை, யார் பேசினாலும் எரிச்சல் என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். ஊரும் வயதும் சொல்லவில்லை. எனக்கு என்னவோ, நீங்களும் பெங்களூரில் அறை எடுத்து இருக்கிறவர், சிகரெட்டை விடுவதற்காக வேப் வாங்கி அதில் மாட்டிக்கொண்டவர் என்றே தோன்றுகிறது. அப்படி வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். இரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால் முதல் நாளே தவிப்பு தொடங்கி, இரண்டாவது மூன்றாவது நாளில் உச்சத்துக்குப் போகும். நீங்கள் இப்போது நிற்பது அந்த உச்சத்தில். அதற்கப்புறம் இறங்கும். எரிச்சலும் தூக்கக் கோளாறும் முழுதாக அடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. அலை அலையாக வரும், ஒவ்வொன்றும் சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தைத் தாண்டுவதுதான் முழு வேலையும்.

இனி என் கதை. எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம், சந்தூர் பக்கம். அப்பாவுக்கு மாந்தோப்பு, பெரும்பாலும் பெங்களூரா காய். வேப்பை விடுவதென்று முடிவு செய்தபோது அறையில் இருந்துகொண்டு விட முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சிகரெட் என்றால் கீழே இறங்கி, கடைக்குப் போய், பற்ற வைத்து, முடிந்ததும் திரும்பி வர வேண்டும். வேப்புக்கு முடிவே கிடையாது. படுக்கையில், பாத்ரூமில், போன் பேசும்போது என்று எங்கும் ஒரு இழுப்பு. இப்போது வருகிற பாட்களில், அதாவது வேப்பில் செருகும் திரவக் குப்பிகளில், இருப்பது நிகோடின் சால்ட் என்கிற உப்பு வடிவ நிகோடின். தொண்டையில் காரம் தெரியாததால் எவ்வளவு உள்ளே போகிறது என்பதே தெரியாது. 5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு மில்லிக்குச் சுமார் 50 மில்லிகிராம். அதனால் தவிப்புக்கு என்று தனி இடமோ நேரமோ இல்லை, எல்லா இடமும் ஞாபகப்படுத்தும். இதைக் கணக்கில் வைத்துத்தான் அறுவடை நேரத்தில் லீவு போட்டு ஊருக்குப் போனேன்.

போன அன்றே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "இது சிகரெட்டா, வேறயா?" என்று கேட்டார். "அது மாதிரிதான்பா, நாத்தம் மட்டும் இருக்காது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாத்தம் இல்லன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அந்தக் கேள்விதான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. திட்டவில்லை. நான் நிலைகொள்ளாமல் நடக்க ஆரம்பித்தால், "ஏணியை எடு" என்பார், அவ்வளவுதான்.

மாங்காய் பறிக்கும்போது காம்பு ஒடிந்தால் பால் வடியும். பட்ட இடம் வெந்துவிடும். கையைக் கழுவாமல் வாய்க்குக் கொண்டுபோக முடியாது. வேப் பழகிய கை தானாக வாய்க்குத்தான் போகும். அந்தப் பழக்கத்தைப் பால் தடுத்தது. உங்களுக்குத் தோப்பு வேண்டாம். கை அழுக்காகிற ஏதாவது ஒரு வேலை இருந்தால் போதும்: மாவு பிசைவது, வண்டி கழுவுவது, எதுவானாலும்.

தவிப்பைத் தணிக்க மெல்லுகிற நிகோடின் கம்மும் வைத்திருந்தேன், 2 மில்லிகிராம். முதலில் அது வேலையே செய்யவில்லை. ஒரு பக்கம் உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய்க் கீற்று, மறு பக்கம் கம். கிருஷ்ணகிரி மருந்துக் கடையில் இருந்த அக்காதான் காரணம் சொன்னார். வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் உள்ளே இறங்காது. டீ, காபி, ஜூஸ் எதுவானாலும் கால் மணி நேரம் இடைவெளி விட வேண்டும். சாதாரண பபுள்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கவும் கூடாது. சுரீரென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்து, உறைப்பு போனதும் மறுபடி மெல்ல வேண்டும். சரியாகச் செய்த பிறகு அலை தணிவது நன்றாகவே தெரிந்தது.

மிக மோசமான இரவு மாங்கூழ் ஆலை வாசலில் கழிந்தது. காய் ஏற்றிய டிராக்டர்கள் ரோடு நெடுக வரிசையில் நிற்க, உள்ளே எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. சுற்றி எல்லோர் கையிலும் பீடி. ஒரு பெரியவர் என்னிடமும் நீட்டினார். "அவனுக்கு வேணாம்ண்ணே" என்று அப்பா முந்திக்கொண்டார். அவரிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்ததன் பலன் எனக்கு அந்த நிமிடத்தில் கிடைத்தது.

அந்த வரிசையைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. விடிந்து உள்ளே போனால், முந்தின நாள் சொன்ன விலை இல்லை. கேட்டால், வேண்டாமென்றால் திருப்பிக் கொண்டு போ என்றார்கள். இரவெல்லாம் வெயிட்டிங்கில் நின்ற காயை எங்கே கொண்டு போவது? பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் கொடுத்தபின் அப்பா கையில் நின்றது ஒன்றுமில்லை. ஒரு வருடம் மரத்தைப் பார்த்துக்கொண்டவருக்கு விலை சொல்ல உரிமை இல்லை, ஒரு இரவு காக்க வைத்தவருக்கு இருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் அன்று எனக்கு இருந்த கோபம் முழுவதும் நிகோடின் இல்லாததால் வந்தது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"மன உறுதி இருந்தால் கம் எதற்கு, அதிலும் நிகோடின்தானே" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: கம்மில் நிகோடின் மெதுவாக, குறைவாகப் போகிறது. இழுத்தால் சில நொடியில் மூளைக்குப் போகிறது. பிடி இறுகுவது அந்த வேகத்தால். "வேப்பில் எதுவும் எரிவதில்லை, சிகரெட் புகையில் வரும் தார் இல்லை" என்பதும் சரிதான். நான் பேசுவது தாரைப் பற்றியல்ல, அடிமைத்தனத்தைப் பற்றி. நான் மருத்துவர் இல்லை. இதய நோய் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, பதினெட்டு வயது ஆகவில்லை என்றாலோ டாக்டரைக் கேட்காமல் கம் எடுக்க வேண்டாம்.

டாக்டரிடம் வேப் என்று சொல்லப் பலர் பயப்படுகிறார்கள். 2019 சட்டம் நாடு முழுவதும் இதன் தயாரிப்பு, விற்பனை, விளம்பரம், இருப்பு வைப்பது எல்லாவற்றையும் தடை செய்கிறது. பெங்களூருக்கும் அதே சட்டம்தான். ஆனால் விட வேண்டும் என்று வருகிறவரை டாக்டர் போலீஸில் பிடித்துக் கொடுக்கப்போவதில்லை, தைரியமாகச் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து திரும்பி வந்த முதல் இரவு மறுபடி கஷ்டமாக இருந்தது. அதே கட்டில், அதே சார்ஜர். உங்களுக்கு அறையைவிட்டுப் போக வழியில்லை என்றால் இன்றைக்கே பாட், சார்ஜர் எல்லாவற்றையும் வெளியேற்றி, கட்டிலை இடம் மாற்றிப் போடுங்கள். கூட இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். சிகரெட் பாக்கெட்டில், பழக்கத்தை விட உதவுகிற ஒரு இலவச எண் அச்சிட்டிருப்பார்கள்: 1800-11-2356. வேப் தடை செய்யப்பட்ட பொருள், அதன் டப்பாவில் இதைத் தேட முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தமிழிலேயே பேசலாம். நாளை மூன்றாம் நாள், காலையிலேயே கூப்பிட்டு விடுங்கள்.