கிட்டாரைத் தூக்கிட்டு வாங்க தம்பி, குதிகாலை மட்டும் கவனிங்க

தம்பி, அடுத்த மாசம் படிக்க ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட் வர்றேன், அக்கூஸ்டிக் கிட்டாரையும் கொண்டு வரலாமா, பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தொந்தரவில்லாம எப்படி வாசிக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. கூடவே பார்ட் டைம் வேலை, விமானத்துல கிட்டாருக்குக் கட்டணம், இந்தியன் கடைன்னு இன்னும் மூணு கேள்வி. கட்டணத்தை விமானக் கம்பெனியிலேயே கேட்டுக்குங்க. மத்ததெல்லாம் வந்து ஒரு வாரத்துல தானா தெரிஞ்சிடும். கிட்டார் விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்லியே ஆகணும், அதுல நல்லா பட்டவன் நான்.

மதுரையிலிருந்து 2006 நவம்பர்ல வந்தேன். ஸ்டுட்கார்ட் மேற்குல ஒரு பழைய கட்டடம், நாலாவது மாடியில ஒரு அறை. தரைக்கு அடியில மர உத்திரம், நடந்தாலே முனகும். கீழ் வீட்டுல ஒரு வயசான அம்மா தனியா இருந்தாங்க. தினமும் சாப்பிட்டுட்டு எட்டு மணிக்கு வாசிக்க உட்காருவேன். பத்தாவது நாள் கீழேயிருந்து இடி, துடைப்பக் கட்டையால அவங்க வீட்டுக் கூரையைத் தட்டுறாங்க.

மறுநாள் பிக்கை, அதான் கம்பியை மீட்டுற சின்னத் துண்டை, தூக்கிப் போட்டுட்டு கட்டைவிரல் சதையால மீட்டினேன். இடி நிக்கல. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் ஒண்ணு புதுசா வாங்கி, விரல் அகலத்துக்கு வெட்டி, பிரிட்ஜை, அதான் மேல் பலகையில கம்பியைப் பிடிச்சிருக்கிற கட்டையை, ஒட்டிக் கம்பிக்கு அடியில சொருகினேன். சத்தம் 'டிப் டிப்'னு செத்துப் போச்சு. அப்பவும் இடி. பழைய பனியனைச் சுருட்டி கிட்டார் ஓட்டைக்குள்ள திணிச்சேன். எனக்கே கேக்கல, ஆனா கீழேயிருந்து இடி மட்டும் தாளம் தப்பாம வந்துச்சு. எனக்குக் கோபம் வந்துடுச்சு. தோல் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படிப் பண்றாங்கன்னு முடிவே கட்டிட்டேன். இங்க எனக்கு முன்னாடியே வந்திருந்த ஒரு அண்ணன்கிட்ட புலம்பினா, "இவங்க இப்படித்தான், போலீஸ் வரதுக்குள்ள அதை வித்துடு"ன்னார். இந்த அண்ணன்மாரை நீங்களும் பார்ப்பீங்க. இருபது வருஷம் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாங்க, ஆனா ஜெர்மன்காரனைப் பத்தி எல்லாம் தெரியும்பாங்க.

இந்த ஊர்ல கேர்வோக்கன்னு ஒரு முறை உண்டு. வாரத்துக்கு ஒரு வீடு படிக்கட்டைக் கூட்டித் துடைக்கணும். முறை வந்தா கதவுல ஒரு அட்டை தொங்கும். டிசம்பர்ல என் முறை. வாளியும் மாப்புமா மூணாவது மாடிக்கு இறங்கறப்போ அந்தம்மா கதவைத் திறந்தாங்க. எனக்கு அப்போ இருபது வார்த்தை ஜெர்மன் வந்தா அதிகம். அவங்க நிதானமாக் கேட்டாங்க: "தினமும் எட்டு மணிக்கு மேல என்னத்தை அடிக்கிறீங்க?" கிட்டார்னு சொன்னேன். புரியாம பார்த்தாங்க. அப்புறம் செருப்புக் காலைத் தூக்கி வாசப்படியில டொம், டொம், டொம், டொம்னு நாலு தட்டு தட்டிக் காட்டினாங்க.

என் குதிகால்! தாளத்துக்கு நான் போட்ட குதிகால். நான் கிட்டார் வாசிக்கிறதே அவங்களுக்குத் தெரியாது.

அதனால சொல்றேன் தம்பி, நீங்க பயப்படுற சத்தம் வேற, கீழே போற சத்தம் வேற. கிட்டார் சத்தம் காத்துல போறது. நடுவுல சுவரும் கதவும் வந்தா பெரும்பாலும் அடங்கிடும். கால் தட்டுறது தரை வழியா உத்திரத்துல இறங்கி, கீழ் வீட்டுக் கூரையையே மத்தளமாக்கிடும். குதிகாலைத் தூக்காதீங்க, கட்டைவிரலை ஷூவுக்குள்ள ஆட்டுங்க. தாளத்துக்கு 'டிக் டிக்'னு அடிக்கிற மெட்ரோனோமை இயர்போன்ல கேளுங்க. நாற்காலிக் காலுக்கு ஃபெல்ட் ஒட்டுங்க. சுவர்ல சாய்ஞ்சு உட்காராதீங்க. கிட்டார் தலை சுவரையோ அலமாரியையோ தொட்டுட்டு இருந்தா அதுவும் சேர்ந்து பாடும்.

ராத்திரிக்கு ஸ்பாஞ்ச் போதும். மெல்லிசு பிக், 0.46 மில்லிமீட்டர், அதுவும் உதவும். ஓட்டையை மூடுற ரப்பர் மூடியை நம்பிக் காசு போடாதீங்க. அது மேடையில ஃபீட்பேக்கை, அதான் ஸ்பீக்கர் ஊளையிடுறதை, அடக்க வந்தது. சத்தத்துல பெரும்பங்கு மேல் பலகையிலிருந்து வருது. காசு இருந்தா யமஹா சைலண்ட் கிட்டார்னு ஒண்ணு இருக்கு, உடம்பே இல்லாம சட்டம் மட்டும், ஹெட்போன்ல கேக்கலாம். நான் வாங்கல. ஆனா எப்பவுமே பூனை மாதிரி வாசிச்சுப் பழகாதீங்க. ரெண்டு வருஷம் அப்படி வாசிச்சுட்டு ஒரு பொங்கல் விழாவுல மேடை ஏறினேன். ரெண்டாவது வரிசையில இருந்தவங்க நான் இன்னும் ட்யூன் பண்ணிட்டிருக்கேன்னு நினைச்சாங்களாம்.

நேரம்னு பார்த்தா ராத்திரி 10-லிருந்து காலை 6 வரை அமைதி. ஞாயிறும் விடுமுறை நாளும் அடக்கி வாசிக்கணும். மத்தியானம் 1-லிருந்து 3 வரைன்னு சொல்றது நாடு முழுக்க இருக்கிற சட்டம் இல்ல, வீட்டுக்கு வீடு மாறும்; வாடகை ஒப்பந்தத்தோட வர்ற ஹவுஸ் ஆர்ட்னுங், அதான் வீட்டு விதிகள், தாளைப் படிங்க. வாசிக்கவே கூடாதுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆக்ஸ்பர்க்ல ஒருத்தர் ட்ரம்பெட் வாசிச்சதுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க போட்ட வழக்கு, 2018-ல உச்ச நீதிமன்றம் வரை போச்சு. வார நாள்ல ரெண்டு மூணு மணி நேரம், ஞாயிறுல ஒண்ணு ரெண்டு மணி நேரம்ங்கிறதைத் தோராய அளவாச் சொன்னாங்க. ட்ரம்பெட்டுக்கே அவ்வளவு. ஆனா இதைப் பக்கத்து வீட்டுல போய் ஒப்பிக்காதீங்க. நம்மாளு ஒருத்தர் தீர்ப்பை பிரிண்ட் எடுத்துக் கதவுல ஒட்டினார். அந்த மாடியில இன்னிக்கு வரைக்கும் யாரும் அவருக்கு வணக்கம் சொல்றதில்ல. ராத்திரி பன்னெண்டு மணிக்கு பால்கனியில ஸ்பீக்கர் வெச்சுட்டு, கேட்டா இனவெறிம்பார் இன்னொருத்தர். அவர் கதை வேண்டாம்.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. குளிர்காலத்துல ஹீட்டர் போட்டா அறை காய்ஞ்சு போகும். மதுரை ஈரத்துல வளர்ந்த என் கிட்டார் ஜனவரியில, பிரிட்ஜிலிருந்து கீழ் ஓரம் வரைக்கும் விரிசல் விட்டுடுச்சு. காலையில எந்திரிச்சுப் பார்த்தா முடி மாதிரி ஒரு கோடு. அழுகையே வந்துடுச்சு. ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதம் இருக்கணும். அளக்க ஒரு சின்ன கருவி வாங்குங்க, கிட்டாரைப் பெட்டிக்குள்ளயே வைங்க, ஹீட்டர் பக்கமே போக வேண்டாம்.

கிளம்பறப்போ எங்கம்மா பெட்டியில ஒரு பவானி ஜமுக்காளத்தைத் திணிச்சாங்க. "அங்கெல்லாம் கட்டில் இருக்கும்மா"ன்னு சண்டை போட்டேன், கேக்கல. கீழ் வீட்டு அம்மா குதிகாலைக் காட்டின அன்னிக்கு ராத்திரி அதை நாலா மடிச்சுக் காலுக்கு அடியில போட்டேன். ஓரமெல்லாம் பிரிஞ்சு போச்சு, இன்னும் அதுமேலதான் கால். துடைப்பக் கட்டை அதுக்கப்புறம் வரவே இல்ல. உங்க பெட்டியில எடை மிச்சமிருந்தா ரெண்டு கிலோவை ஜமுக்காளத்துக்கு ஒதுக்குங்க.