கையில் ஒரு போன், எதிரே நாற்பது பிள்ளைகள்: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். பயிற்சிகளில் கணினிப் பக்கம் யாராவது தடுமாறினால் என் பக்கம் தள்ளிவிடுவார்கள், அப்படித்தான் ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இந்த வேலை என் தலையில் விழுந்தது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்தச் செயலியைப் பற்றிக் கேட்டாலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: அது நம் ஞாயிற்றுக்கிழமையை விழுங்குமா, மிச்சம் பிடித்துத் தருமா? விழுங்குவதாக இருந்தால் எவ்வளவு நல்ல செயலியானாலும் எனக்கு வேண்டாம்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளிடம் போன் கிடையாது, வகுப்பில் இருப்பது என் போன் மட்டும். பாடம் புரிந்ததா என்று உடனே தெரிந்துகொள்ள வழி உண்டா சார்? “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் “புரிஞ்சுது மிஸ்” என்கிறார்கள். (திருவண்ணாமலை மாவட்ட ஆசிரியை)

டீச்சர், உங்களுக்காகவே செய்தது போல ஒன்று இருக்கிறது, பிளிக்கர்ஸ் என்று பெயர். பிள்ளைக்கு ஓர் அட்டை. அதில் கியூஆர் கோடு மாதிரி ஒரு கறுப்பு வெள்ளை உருவம், நான்கு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. எந்த விடை சரியென்று நினைக்கிறார்களோ அந்தப் பக்கம் மேலே வரும்படி அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நீங்கள் போன் கேமராவை இடமிருந்து வலமாக ஒரு சுற்று காட்டினால் போதும், யார் என்ன சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். ஒவ்வோர் அட்டையின் உருவமும் வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்து அப்படியே திருப்பிப் பிடிக்க முடியாது.

அட்டைகளை அவர்களுடைய தளத்திலிருந்து இறக்கிக் கெட்டித் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் லேமினேஷன் மட்டும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண்ணாடி மாதிரி மின்னும், கேமரா படிக்காது. பிள்ளைகளிடம் விரல் உருவத்தின் மேல் படக்கூடாது, ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் பிறகு குழப்பம் வராது. உங்கள் போனுக்கு இணையம் வேண்டும். இலவசக் கணக்கில் கேள்வி எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ஆனால் ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று கேள்விக்கு மேல் தேவைப்படாது.

கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லி, விடைகளில் ஒன்றாக “ஐந்தில் இரண்டு” என்று வையுங்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டுகிற பிள்ளைகள் மொத்தமாக அதைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். தவறான விடை ஒவ்வொன்றும் பிள்ளைகள் உண்மையில் செய்கிற ஏதோ ஒரு தவறாக இருக்க வேண்டும். சும்மா நான்கு எண்களை எழுதினால் அட்டைக்குச் செலவழித்த காசு வீண்.

கேள்வி: பத்து வருடமாகச் சேர்த்த வினாத்தாள்கள் எல்லாம் பாமினியில் இருக்கின்றன. போனில் திறந்தால் ஒரே கிறுக்கல். இனி எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டுமா? (தமிழாசிரியர், மதுரை)

வேண்டாம் ஐயா. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் நீங்கள் அடித்தது கணினிக்கு ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி மாட்டிக் காட்டுகிறது. பாமினியில் அடித்த “தமிழ்”, அந்த எழுத்துரு இல்லாத போனில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இந்தத் தொல்லை கிடையாது. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. வினாத்தாள் அடிக்கும் கடைகள்தான் இன்னும் பாமினியை விடவில்லை.

என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, இணையத்திலேயே மாற்றித் தரும் பக்கங்களும் உண்டு. இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். தமிழுக்கு நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் மென்பொருள் அதையும் தமிழென்று நினைத்துக் குதறிவிடும், அதனால் பத்தி பத்தியாக எடுத்து மாற்றுங்கள். கணக்கு, அறிவியல் தாள்களில் சமன்பாடுகள் ஒட்டும்போது காணாமல் போகும், அவற்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற உட்காராதீர்கள். அடுத்த தேர்வுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் மாற்றுங்கள், இரண்டு வருடத்தில் தானாக முடிந்துவிடும்.

புதிதாக அடிப்பதற்கு விண்டோஸ் 10-லேயே தமிழ் விசைப்பலகை உள்ளே இருக்கிறது. தட்டச்சே வராது என்றால் குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, குரல்வழித் தட்டச்சில் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசுங்கள். ணகர னகரம் அவ்வப்போது புரளும், நிறுத்தக்குறி வராது. உங்களுக்குத் திருத்துவது கைவந்த கலைதானே! ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பும்போது எப்போதும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

கேள்வி: பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு “நாளைக்கு என்ன டிரஸ் மிஸ்?” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். (பலர்)

குழு அமைப்பில் அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று மாற்றிவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். தனித்தனியாக வருபவர்களுக்கு, பழைய போனில் இன்னொரு எண்ணைப் போட்டு வாட்ஸ்அப் பிசினஸ் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மாலை ஆறுக்கு மேல் வரும் செய்திக்கு “காலையில் பதில் சொல்கிறேன்” என்று தானாகப் போகும்படி நேரம் குறித்து வைக்கலாம். அடிக்கடி சொல்லும் பதில்களைச் சேமித்து ஒரே தட்டில் அனுப்பவும் முடியும்.

இன்னொன்று. நூறு நாள் வேலைக்குப் போய்வரும் அம்மாக்கள் பலர் நீண்ட செய்தியைப் படிப்பதில்லை. முப்பது நொடி குரல் பதிவாகச் சொல்லிப் பாருங்கள், திரும்ப வரும் சந்தேகங்கள் குறையும்.

கேள்வி: மலைக் கிராமப் பள்ளி. டவர் வேண்டுமென்றால் பாறை மேல் ஏற வேண்டும். ஒரு லேப்டாப்பும் ப்ரொஜெக்டரும் இருக்கின்றன, இணையம் கிடையாது. (அறிவியல் ஆசிரியர்)

சார், என்னைக் கேட்டால் இணையம் இல்லாத வகுப்புதான் திட்டமிட்டபடி நடக்கும். ஊருக்கு இறங்கும் நாளில் ஒரு பென்டிரைவோடு இறங்குங்கள்.

முதலில் ஃபெட் உருவகங்கள், அதாவது சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் மென்பொருள்கள். இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கியது. மின்சுற்று, அணு அமைப்பு, அடர்த்தி, பின்னம் என்று நிறைய இருக்கின்றன, பலவற்றுக்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டு. ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே உலாவியில் ஓடும். மின்சுற்று உருவகத்தில் பேட்டரியின் இரு முனையையும் வெறும் கம்பியால் நேராக இணைத்துக் காட்டுங்கள். திரையில் தீப்பிடிக்கும், வகுப்பு ஆர்ப்பரிக்கும். குறுக்குச்சுற்று என்றால் என்னவென்று அதற்குப் பிறகு சொன்னால் காதில் ஏறும்.

2018-இல் வந்த புதிய பாடநூல்களிலிருந்து பக்கங்களில் கியூஆர் கோடு இருக்கிறதல்லவா, அதை தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்து வரும் காணொளிகளைப் போனிலேயே இறக்கி வைக்கலாம். எல்லாமே தரமாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன், வகுப்பில் போடுவதற்கு முன் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

வாசிப்புக்கு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர். 2015-இல் வந்தது. தமிழ்க் கதைகள் படிநிலை வாரியாக இருக்கின்றன. காப்புரிமைத் தொல்லை இல்லாமல் இறக்கி அச்சடிக்கலாம். கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவையே மொத்தமாக லேப்டாப்பில் இறக்கி வைக்க முடியும். வேண்டாத பொருள்களில் அறிவியல் பொம்மை செய்து காட்டும் அர்விந்த் குப்தாவின் காணொளிகளைத் தமிழ்க் குரலோடு தேடி எடுங்கள். உறிஞ்சுகுழல், தீக்குச்சி, பழைய சைக்கிள் டியூப் வால்வு இவைதான் ஆய்வுக்கூடம். மின்சாரம் போனாலும் வகுப்பு நிற்காது.

கேள்வி: பாடத்துக்கு நடுவே யூடியூப் போட்டால் விளம்பரம் வந்து மானம் போகிறது.

முந்தைய இரவே யூடியூப் செயலிக்குள் இறக்கி வையுங்கள். எட்டு நிமிடக் காணொளியில் தேவைப்படும் ஒன்றரை நிமிடம் எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முழுவதையும் ஓடவிட்டு ஓரமாக உட்காருவது பாடம் ஆகாது.

கேள்வி: வினாத்தாள் தயாரிக்க சாட்ஜிபிடி, ஜெமினியை நம்பலாமா?

நம்ப வேண்டாம், வேலை வாங்குங்கள். “ஒன்பதாம் வகுப்பு இயக்கம் பாடத்தில் பத்துக் கேள்வி கொடு” என்று மொட்டையாகக் கேட்டால் எங்கிருந்தோ அள்ளிவரும். தமிழில் கேட்கும்போது இலங்கைப் பாடநூல் சொற்களும் கலந்து வர வாய்ப்பு உண்டு. அங்கே ஆர்முடுகல் என்பது நமக்கு முடுக்கம். அதைக்கூடப் பிள்ளை “சார், இது என்ன?” என்று கேட்டுவிடும். வேகம்தான் ஆபத்து: அங்கே வேகம் என்றால் நம் திசைவேகம், நம் வேகம் அங்கே கதி. கேள்வி பார்க்க ஒழுங்காகவே இருக்கும், விடை மாறிவிடும்.

அதனால் பாடநூலின் அந்தப் பக்கங்களைப் பிடிஎஃப் ஆகவோ படமாகவோ கொடுத்து, “இதற்குள் இருப்பதை வைத்து, இதே கலைச்சொற்களில் மட்டும்” என்று கேளுங்கள். கூகுளின் நோட்புக்எல்எம் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி இதற்கு வசதி. கொடுத்த ஆவணத்தில் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்றும் காட்டும். தேவைக்கு இரண்டு மடங்கு கேள்வி வாங்கிப் பாதியைக் கழித்துவிடுங்கள். கழிக்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் நீங்களே விடை போட்டுப் பாருங்கள். “பின்வருவனவற்றுள் பகா எண் எது? 2, 4, 9, 11” என்று இரண்டு சரியான விடை உள்ள கேள்விகள் சர்வசாதாரணமாக வரும். இத்தனை சரிபார்ப்புக்குப் பிறகும் நேரம் மிச்சமாகிறதா? ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு ஆகிறது. ஐந்து மதிப்பெண் கணக்குகளை நான் இன்னும் கையால்தான் தயாரிக்கிறேன்.

கேள்வி: பத்தாம் வகுப்புக் கணக்கு. மெல்ல மலரும் மாணவர்களைத் தேர்ச்சி பெற வைக்க எக்செல் எப்படி உதவும்?

மொத்த மதிப்பெண்ணைப் பதிவதை நிறுத்திவிட்டு, இயல் வாரியாகப் பதியுங்கள். எட்டு இயல், எட்டுப் பத்தி. கூடவே இரண்டு பத்தி: செய்முறை வடிவியல், வரைபடம். அந்த இரண்டு எட்டு மதிப்பெண் வினாக்கள் சேர்ந்தாலே 16. தேர்ச்சிக்கு வேண்டிய 35-இல் கிட்டத்தட்டப் பாதி. பாதி மதிப்பெண்ணுக்குக் கீழே இருக்கும் கட்டம் சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் வைத்துவிட்டால், மாலை வகுப்பில் யாரை எதற்கு உட்கார வைப்பது என்று தாளைப் பார்த்தாலே தெரியும். வராத பிள்ளைக்குச் சுழியம் போடாதீர்கள், “வ.இ.” என்று எழுதுங்கள். சுழியம் சராசரியை இழுத்துவிடும், எழுத்தாக இருந்தால் எக்செல் அதைக் கணக்கில் சேர்க்காது.

இந்தக் கோப்பைக் கூகுள் ஷீட்டில் வைத்து, இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று குழுவில் போடும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. தயவுசெய்து விடுங்கள். பெயர், எமிஸ் எண் (கல்வித் துறைத் தரவுத்தளத்தில் பிள்ளைக்கு உள்ள எண்), மதிப்பெண் எல்லாம் ஊருக்கே திறந்து கிடக்கும். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகள் என்றே சொல்கிறது. பிள்ளைகள் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பவர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ளவும்.

கேள்வி: ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கிறது. இதெல்லாம் நான் கற்றுத்தான் ஆக வேண்டுமா? (தலைமையாசிரியை, தஞ்சாவூர்)

இல்லை அம்மா. குரல்வழித் தட்டச்சு ஒன்றை மட்டும் பழகிக்கொள்ளுங்கள், சுற்றறிக்கைக்கும் கடிதத்துக்கும் உதவும். மற்றதை உங்கள் பள்ளியின் இளைய ஆசிரியர் செய்யட்டும். பதிலுக்கு அவருக்கு வகுப்பை அடக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுங்கள், அது எந்தச் செயலியிலும் கிடைக்காது.

கேள்வி: ஈராசிரியர் பள்ளி. மூன்று, நான்கு, ஐந்து மூன்றும் என் அறையில். ஒரு வகுப்புக்கு நடத்தினால் மற்ற இரண்டும் சும்மா இருக்கின்றன. (கடலூர் மாவட்ட ஆசிரியர்)

உங்கள் குரலை இரண்டாவது ஆசிரியர் ஆக்குங்கள் சார். சொல்வதை எழுதுதல் பயிற்சியைப் போனில் பதிந்து, சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் மூன்றாம் வகுப்புப் பக்கம் வைத்துவிடலாம். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை சொல்லிப் பத்து நொடி இடைவெளி விடுங்கள். “கந்தன், எழுதிட்டியா?” என்று நடுவில் யார் பெயரையாவது சேர்த்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். கடைசியில் விடைகளையும் எழுத்துக்கூட்டிப் பதிந்துவிட்டால் ஒருவர் நோட்டை ஒருவர் திருத்திக்கொள்வார்கள். நான்காம் வகுப்புக்கு வாய்பாட்டையும் வாய்க்கணக்கையும் இதே மாதிரி பதியலாம். ஒரு முறை பதிந்தால் அடுத்த வருடமும் ஓடும், பெயரை மட்டும் மாற்றுங்கள்.

ஓடவிடும்போது போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, புளூடூத்தை மட்டும் திறந்து வையுங்கள். இல்லையென்றால் பாதியில் ஏதாவது அவசரப் புள்ளிவிவரம் கேட்டு அழைப்பு வரும், அது மூன்றாம் வகுப்புக்கும் கேட்கும்.