மறுப்பதற்கான பணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புரோக்கர் யாரும் இல்லாமல் தனியாகப் பாலியல் தொழில் செய்கிறேன். ஊரும், எந்த நாட்டுப் பணம் என்பதும் வெளியே தெரிய வேண்டாம் என்பதால், ஒருமுறைக்கு, அதாவது ஒரு மணி நேரத்துக்கு, நான் வாங்கும் ரேட்டை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்குச் சராசரியாக ஆறு பேர். ஒருமுறைக்கு ரூம் 20, போய்வர 10, ஆணுறை, ஜெல் வகையறா 2. இதுபோக வாரத்துக்கு விளம்பரம் 40, போன் 10, மருத்துவப் பரிசோதனைக்கு எடுத்துவைப்பது 8. கணக்குப்படி கையில் பணம் நிற்க வேண்டும், ஆனால் மாதக் கடைசியில் நிற்பதில்லை. மந்தமான வாரங்களில் தினத்தவணைக் கடன் வாங்குகிறேன்.

என் கேள்விகள் இவை. மற்றவர்கள் ரேட்டைக் குறைத்துவிட்டார்கள், நானும் 80 ஆக்கலாமா? பணம் வீட்டில்தான் இருக்கிறது. வங்கி, வரி என்றாலே பயமாக இருக்கிறது, எதிலிருந்து தொடங்குவது? கஸ்டமர்களிடம் பணத்தை ஆன்லைனில் வாங்கிப் பார்த்தேன். ஒரு தளம் என் கணக்கை முடக்கிப் பணத்தையும் நிறுத்திவைத்தது. இனி என்ன செய்வது?

எம்.

அன்புள்ள எம்,

செலவை இவ்வளவு துல்லியமாகப் பிரித்து எழுதியிருப்பதே பெரிய விஷயம். இந்தத் தொழிலில் பலருக்கு வரவு மனப்பாடமாக இருக்கும், செலவு தெரியாது. உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆறு பேர் என்றால் 600. முறைக்கு 32 வீதம் 192, வாரச் செலவு 58, ஆக 250 போய் மிஞ்சுவது 350. ஆறு மணி நேரத்துக்கு 350 என்று மனசு கணக்குப் போடும். அங்கேதான் தப்பு. ஒரே ஒரு வாரம், இந்த வேலைக்காகப் போகும் எல்லா நேரத்தையும் குறித்துவையுங்கள். போன் பேச்சும் மெசேஜும் தினம் ஒன்றரை மணி என்றால் ஆறு நாளைக்கு 9. போய்வர முறைக்கு ஒன்றரை மணி, அது ஒரு 9. குளித்துத் தயாராக 6, வேலை 6. மொத்தம் 30 மணி. 350-ஐ முப்பதால் வகுத்தால் மணிக்கு 12 கூட வரவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவனுக்காகக் காத்திருந்ததை இதில் சேர்க்கவே இல்லை. கை செலவழிப்பது மணிக்கு 100 சம்பாதிப்பவரின் தோரணையில், வருமானமோ 12. மாதக் கடைசியில் காணாமல் போவதாக நீங்கள் நினைக்கும் பணம் பெரும்பாலும் வந்ததே இல்லை.

இனி ரேட்டுக்கு வருவோம். 80 ஆக்கினால் வருமானம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், கூட ஒருவரைப் பார்த்தால் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் ரூம்காரரோ வண்டிக்காரரோ உங்களுக்காகக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை. இப்போது ஒருமுறைக்குச் செலவு போக 68 நிற்கிறது. 80 ஆக்கினால் நிற்பது 48. அதே 350 கைக்கு வர வாரச் செலவையும் சேர்த்து 408 வேண்டும். 408-ஐ 48-ஆல் வகுத்தால் எட்டரை, அதாவது ஒன்பது பேர். ரேட்டில் 20 சதவீதம் விட்டுக்கொடுத்தால் உடம்புக்கு 50 சதவீத வேலை கூடுகிறது. மறுபக்கமும் போட்டுப் பாருங்கள். 120 ஆக்கினால் முறைக்கு 88 நிற்கும். ஐந்து பேர் வந்தால் 440, வாரச் செலவு போக 382. ஒரு கஸ்டமரை இழந்தும் 32 கூடுதல். அதனால் குறைக்க வேண்டாம். தெரிந்த பழைய ஆட்களுக்கு இப்போதுள்ள ரேட்டையே மூன்று மாதம் விட்டுவிட்டு, புதிதாக வருகிறவர்களிடம் 110 கேட்டுப் பாருங்கள். மந்தமான நாளில் பேரம் பேசுகிறவருக்கு ரேட்டை விடாதீர்கள், நேரத்தைச் சுருக்குங்கள்: 40 நிமிடத்துக்கு 80. ரேட் ஒருமுறை இறங்கிவிட்டால் அது கஸ்டமர்களுக்குள் பரவும், திரும்ப ஏற்றுவது லேசில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவும் ரேட் விவகாரம்தான். ஆணுறை இல்லாமல் 50 கூடத் தருகிறேன் என்பவர் எல்லா ஊரிலும் உண்டு. அந்த ஐம்பதை எதோடு ஒப்பிட வேண்டும்? எச்ஐவி தொற்றும் வாய்ப்பு இருந்தால் 72 மணி நேரத்துக்குள் பெப் என்ற தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறை எச்ஐவி ரத்தப் பரிசோதனையில்கூடத் தெளிவான பதிலுக்கு 45 நாள் வரை ஆகும், இடையில் பெப் எடுத்திருந்தால் அதற்கும் மேல். அந்த 45 நாள் வேலையில்லை என்றால் உங்கள் கணக்கில் 2250 போகிறது. நோய் வராவிட்டாலும் இது நஷ்டம். ஆணுறை கிழிந்துவிட்டாலும் இதே 72 மணி நேரம்தான் கெடு. பெப் தரும் மருத்துவமனை எது, இரவில் திறந்திருக்குமா என்று இப்போதே விசாரித்து போனில் பதிந்துவையுங்கள்.

சேமிப்பு என்றதும் வீடு, நகை, முதுமை என்று பேசுவார்கள். உங்கள் தொழிலில் சேமிப்புக்கு அதற்கெல்லாம் முந்திய வேலை ஒன்று இருக்கிறது: வேண்டாம் என்று சொல்ல விடுவது. நம்பரை மறைத்துக் கூப்பிடுகிறான், குரலில் குடி தெரிகிறது, இரண்டு பேர் வருவோம் என்கிறான், சொன்ன இடத்தைக் கடைசி நிமிடத்தில் மாற்றுகிறான். இது சரிப்படாது என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் வாடகை கட்ட வேண்டியிருந்தால் ஒப்புக்கொள்வீர்கள், கையிருப்பு இருந்தால் போனை வைத்துவிடுவீர்கள். அதனால் முதலில் ஒரு மாதத்துக்கான மறுப்புப் பணம் சேர வேண்டும்.

அதற்கு வழி, உங்களுக்கு நீங்களே வாரச் சம்பளம் கொடுப்பது. ஒரு வருடக் கணக்கு கையில் இருந்தால் மிக மோசமான மூன்று மாதங்களின் சராசரிதான் உங்கள் சம்பளம். கணக்கு இல்லாதவரை 350-ல் 220 சம்பளம், 50 வரிக்கு, 80 மறுப்புப் பணத்துக்கு. நல்ல வாரத்தில் 500 நின்றாலும் சம்பளம் அதே 220. பலர் சறுக்குவது இங்கேதான். பண்டிகை, மாத ஆரம்பம், மாநாட்டு சீசன் என்று கூட்டம் வரும்போது சம்பளத்தை ஏற்றிவிட்டு, அடுத்த மந்தத்தில் கடனுக்குப் போவார்கள். ஒரு மாதச் சம்பளம் 880, வேலை இல்லாவிட்டாலும் ஓடும் செலவு 232, ஆக 1112. வாரம் 80 வீதம் 14 வாரத்தில் சேர்ந்துவிடும். பணத்தைப் பிரிப்பதும் அன்றன்றைக்கே நடக்க வேண்டும். வாரக் கடைசியில் பிரித்துக்கொள்ளலாம் என்று வைத்தால் பிரிக்க ஒன்றும் இருக்காது.

கடன் இருக்கும்வரை அந்த 80-ல் 60 கடனுக்கு, 20 மட்டும் கையிருப்புக்கு. தினத்தவணைக்காரர் 100 கடனில் 10 பிடித்துக்கொண்டு 90 தருவார், தினம் ஒன்று வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி 10 சதவீதம் போலத் தெரியும். ஆனால் நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக உங்களிடம் இருப்பது அவருடைய பணத்தில் பாதிதான். ஆண்டுக்குப் போட்டால் வட்டி 80 சதவீதத்தை ஒட்டி வரும். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் தருகிறேன் என்பார், அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள்.

வீட்டில் இருக்கும் பணத்துக்கு முதல் ஆபத்து திருடனே அல்ல. உங்களுக்கு எப்போது பணம் வரும் என்று தெரிந்தவர்கள்தான். வாங்கிய பணத்தோடு அடுத்த ஆளைப் பார்க்கப் போகாதீர்கள். பையில் திரும்பி வர ஆகும் காசும், யாராவது மிரட்டினால் கொடுத்துவிடச் சின்னத் தொகையோடு ஒரு பர்ஸும் போதும். பணம் முதலில், நேரம் அதற்குப் பிறகு ஓடட்டும். எதிரிலேயே எண்ணி, அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். போனில் அனுப்பிவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் காட்டினால் அதைப் பார்க்காதீர்கள், உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். போலி ஸ்கிரீன்ஷாட் செய்ய ஒரு நிமிடம் ஆகாது. கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்பு என்றால் அது மோசடி. அவர் அனுப்பியது பின்னால் ரத்தாகும், நீங்கள் அனுப்பியது போனது போனதுதான்.

வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில். காதலர் பெயரிலோ தங்கை பெயரிலோ வைத்தால் சண்டை வரும் நாளில் பணம் அவர்களுடையது. சட்டச் சிக்கலும் உண்டு. இந்தியாவில் பாலியல் தொழில் தொடர்பான 1956-ம் ஆண்டுச் சட்டத்தின் 4-ம் பிரிவு, இன்னொருவரின் பாலியல் தொழில் வருமானத்தில் தெரிந்தே வாழும் 18 வயது கடந்தவரைத் தண்டிக்கிறது. கூட்டுக் கணக்கு அவர்களுக்கு எதிராகச் சாட்சியாகலாம். இங்கிலாந்தில் விற்பது குற்றமில்லை, ஆனால் வாடகையைப் பங்கிட இரண்டு பேர் ஒரே வீட்டில் தொழில் செய்தால் அது பாலியல் தொழில் விடுதி நடத்துவதாகிவிடும். சிக்கனம் என்று நினைத்துச் செய்வது வழக்காகும் இடம் இது. உங்கள் ஊர்ச் சட்டத்தை, குறிப்பாக இடம், விளம்பரம், உடனிருப்பவர் என்ற மூன்றையும் பற்றி, ஒரு வழக்கறிஞரிடம் காசு கொடுத்தே கேளுங்கள்.

வரி அதிகாரிக்கு உங்கள் ஒழுக்கம் அக்கறை இல்லை, தொகைதான் அக்கறை. சுவீடனில் 1999 முதல் வாங்குவதுதான் குற்றம், விற்பது அல்ல. ஆனால் விற்பவர் வரி கட்டியாக வேண்டும். தொழிலைக் குற்றத்திலிருந்து நீக்கி 2003-ல் சட்டம் போட்ட நியூசிலாந்திலும் மற்ற சுயதொழில்காரர்களைப் போலத்தான் வரி. பெல்ஜியத்தில் 2024 டிசம்பர் 1 முதல் வேலை ஒப்பந்தம், மகப்பேறு விடுப்பு எல்லாம் வந்தன. அதையும் பெருமையாகச் சொல்கிறார்கள், ஆனால் முதலாளியிடம் வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான், உங்களைப் போலத் தனியாகச் செய்பவருக்கு இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒரு நோட்டு: தேதி, வரவு, ரூம், வண்டி, மற்றவை. கஸ்டமர் பெயர் எழுதாதீர்கள், அந்த நோட்டு யார் கைக்குப் போகும் என்று தெரியாது. ரசீது தரும் இடங்களில் ரசீது வாங்கி மாதவாரியாக உறையில் போடுங்கள். வங்கியில் வாரம் ஒருமுறை, நோட்டோடு ஒத்துப்போகும் தொகையைக் கட்டுங்கள். பெரிய தொகையைக் கண்ணில் படாமல் இருக்கத் துண்டு துண்டாகக் கட்டச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். பல நாடுகளில் அப்படிப் பிரித்துக் கட்டுவதே தனிக் குற்றம்.

ஆன்லைன் தளத்தில் இருக்கும் பணம் உங்கள் கைக்கு வரும்வரை உங்களுடையது இல்லை என்றே நினையுங்கள். சில பணச்சேவைகள் கணக்கை மூடினால் 180 நாள் வரை தொகையை நிறுத்திவைக்கும், ஒப்பந்தத்திலேயே இருக்கும். அமெரிக்க அரசு 2018 ஏப்ரலில் பேக்பேஜ் விளம்பரத் தளத்தை ஒரே நாளில் முடக்கியபோது பலருக்கு வேலை வரும் வழியே அடைபட்டது. வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும் ஒன்லிஃபேன்ஸ் என்ற சந்தாத் தளம், 2021 ஆகஸ்டில் பாலியல் படங்களைத் தடை செய்கிறோம் என்று அறிவித்து, ஒரு வாரத்துக்குள் பின்வாங்கியது. அதனால் இரண்டு தளமாவது வேண்டும், வாரம் இருமுறை பணத்தை எடுத்துவிட வேண்டும். கார்டில் பணம் கட்டியவர் பொதுவாக 120 நாள் வரை வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்பப் பெற முடியும். எனவே கார்டு வரவில் பத்தில் ஒரு பங்கை நான்கு மாதம் தொடாதீர்கள். இன்னொன்று, பணம் அனுப்புகிறவரின் திரையில் உங்கள் சொந்தப் பெயர் தெரிகிறதா என்று நம்பிக்கையான ஒருவரை ஒரு சிறு தொகை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். தெரிந்தால் அந்தக் கணக்கில் கஸ்டமர் பணம் வாங்க வேண்டாம்.

வங்கி வாசலே ஏற முடியாத நிலை என்றால் கூட்டாகச் சேர்வதும் ஒரு வழி. கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சி பகுதியில் பாலியல் தொழிலாளர்கள் 1995-ல் உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்து, தங்களுக்குள்ளேயே சேமிப்பும் கடனும் நடத்துகிறார்கள். வட்டிக்காரரை விட்டு வெளியே வரத்தான் அதைத் தொடங்கினார்கள். பத்துப் பேர் நம்பிக்கையாகச் சேர முடிந்தால் சின்ன அளவில் முயன்று பார்க்கலாம். ஆனால் கணக்கைப் பார்க்க இரண்டு பேர், பணத்தை வைத்திருக்க வேறு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வராமல் போகிறவர்கள். உங்கள் நேரத்தில் அதிகம் வீணாவது இதில்தான் இருக்கும், ஒரு மாதம் குறித்தால் தெரியும். முன்பணம் கேட்டால் ஆள் ஓடிவிடுவார் என்று பயப்பட வேண்டாம். ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் எப்படியும் வராதவர்கள். கேட்க வாய் வரவில்லை என்றால் இந்த மெசேஜை போனில் சேமித்து, எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுப்புங்கள்: "முன்பணம் 30 வந்தால்தான் நேரம் உறுதி. 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் வேறு நாளுக்கு மாற்றித் தருகிறேன், அதற்குப் பிறகு திரும்பக் கிடைக்காது. மீதி வந்தவுடன்."