போக எட்டு மணி, வர ஏழு மணி

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழு மணி நேரம் என்கிறார்கள். தூரம் ஒன்றுதானே? பூமி சுழல்வதாலா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: பூமியின் மேல் பழி போட வேண்டாம். காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. காற்று மட்டும் சுழலாமல் நின்றால் மேற்கே போகிற விமானத்துக்குத்தான் லாபம், நடப்பதோ தலைகீழ்.

காரணம், ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் காற்றாறு. அட்லாண்டிக்கின் மேல் 30,000 - 40,000 அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. மணிக்கு 150 கி.மீ. சாதாரணம், குளிர்காலத்தில் 300-ஐயும் தாண்டும்.

லண்டனின் ஹீத்ரோவுக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே சுமார் 5,540 கி.மீ. காற்றில் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வையுங்கள். 100 கி.மீ. பின்காற்று கிடைத்தால் தரையைக் கடக்கும் வேகம் 1,000. ஐந்தரை மணியில் தாண்டிவிடலாம். அதே 100 எதிர்காற்றானால் 800. ஏறக்குறைய ஏழு மணி. முழு எதிர்காற்றையும் யாரும் வாங்கிக்கொள்வதில்லை. கடலின் மேலுள்ள தடங்களைக் காற்றைப் பார்த்துத் தினமும் புதிதாக வகுக்கிறார்கள். மேற்கே போகிறவை ஆற்றை விட்டு விலகிப் போகும்.

2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரை வேகம் 1,300 கி.மீ.யைத் தாண்டியது. அதனால் ஒலியை மிஞ்சிவிட்டது என்று அர்த்தமில்லை; சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. ஒலியை மிஞ்சிப் பறந்தது கான்கார்ட் என்ற பயணி விமானம்: 1996-இல் இதே வழியில் 2 மணி 53 நிமிடம்.

கேள்வி: சீட்டுக்கு முன்னால் உள்ள திரையில் பாதை வடக்கே வளைந்து தெரிகிறதே, சுற்றிப் போகிறார்களா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் அயர்லாந்தைத் தொட்டு, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து வழியாக இறங்கும். அதுதான் குறுக்கு வழி. தட்டையான படத்தில் நேராகத் தெரியும் கோட்டில் போனால் 220 கி.மீ.யாவது கூடும்.

கேள்வி: டிக்கெட்டில் லண்டன் 11:00, நியூயார்க் 14:00 என்றிருந்தால் பயணம் மூன்று மணியா? (கோவை வாசகர்)

பதில்: இரண்டும் அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் 5 மணி நேரம் பின்னால். 14-உடன் 5-ஐக் கூட்டினால் லண்டனில் அப்போது 19 மணி; 11-ஐக் கழித்தால் 8. இந்த எட்டு மணி, வாசலை விட்டு நகர்ந்தது முதல் மறு வாசலில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் இதில் சேரும். மேலே போட்ட கணக்கைவிட இது கூடுதலாக இருப்பது அதனால்தான்.

தேதியையும் பாருங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறன்றே கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுகிறது. பிரிட்டன் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 4 மணிதான். அக்டோபர் கடைசியிலும் ஒரு வாரம் இப்படியே. சென்னையிலிருந்து லண்டன் வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: லண்டன் நம்மைவிட குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி பின்னால்.